அண்ணியின் சாட்சி

மார்ச் 4, செவ்வாய்

அண்ணி கூப்பிட்டபோது லேபில் கையுறையோடு நின்றிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"கட்டி இல்லடி! டாக்டர் தேடுறாரு, தேடுறாரு, கெடைக்கவே இல்ல. ஊசி விட்டு எடுத்துப் பாத்ததுலயும் புத்து இல்லையாம். கேக்குதா?"

கேட்காமல் என்ன? விளையாட்டு ஆசிரியையாக மைதானத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. லேபுக்கே கேட்டது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி என் கணவருடைய அக்கா. அம்மா போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியவர். ஜனவரியில் மார்பில் கட்டி என்று வந்தார். எங்கள் லேபில்தான் பயாப்சி. என் சக டாக்டர் பார்த்து, புற்று என்று எழுதினார். நான் பார்க்கவில்லை, சொந்தக்காரர்களின் ஸ்லைடை நான் பார்ப்பதில்லை. அறுவை சிகிச்சைக்கு வேறு ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. இன்று, வெட்டுவதற்கு முன் இன்னொரு தடவை பார்ப்போம் என்று பார்த்தால், இல்லை.

பாத்ரூமில் போய் அழுதேன். சந்தோஷ அழுகைதான். பிறகு ஏன் முழுக்க நம்ப முடியவில்லை?

மார்ச் 5, புதன்

லேப் தலைவரிடம் சொன்னேன். அவருக்குக் கடவுள் கிடையாது. அதை ஒளிக்கவும் மாட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்கயோ தப்பு நடந்திருக்கும்மா. அவ்வளவுதான் விஷயம்" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு சுலபமாகவா?

மார்ச் 9, ஞாயிறு

ஆலயத்தில் அண்ணி மேடையேறி, சுகமானதைச் சாட்சியாகச் சொன்னார். கைதட்டல் நிற்கவே இல்லை. பக்கத்து வரிசையில் ஒரு தாத்தா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே யோசித்தேன்: தினமும் என் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வருகிறார்களே, அவர்களுக்காகவும் யாராவது முழங்கால் போட்டிருப்பார்கள்தானே? அந்த ஜெபங்கள் எங்கே போயின?

இப்படித்தான் நான். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் சோற்றில் கல்லைத் தேடுகிறவள். இவர் கேலி செய்வார்: "நீ ஆண்டவரையே பயாப்சி பண்ணப் பாக்குற."

ஆராதனை முடிந்து போதகர் வந்தார். படித்தவர். விசுவாசத்துக்கு அறிவு எதிரியில்லை என்று வருடக்கணக்காக வகுப்பு எடுக்கிறவர். நான் இந்தச் சபையில் ஒட்டிக்கொண்டிருப்பதே அந்த வகுப்புகளால்தான். கேள்வி கேட்டால் முறைக்க மாட்டார்.

"இருபத்தி மூணாம் தேதி நன்றி ஆராதனை வெச்சிருக்கோம். நீங்க ஒரு பத்து நிமிஷம் பேசணும். முதல் ஸ்லைடையும் ரெண்டாவது ஸ்லைடையும் திரையில போட்டுக் காட்டுங்க. இது புத்து, இது இல்லைன்னு ஒரு டாக்டர் வாயால வரணும். கேலி பண்றவங்களுக்கு இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

சரி என்றேன். சொன்னதும் உள்ளே ஏதோ துள்ளியது. ஆமாம், எனக்கும் அதுதான் வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒன்று. ஒன்றே ஒன்று.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பார்த்தேன். முதல் ஸ்லைடை எடுத்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு பார்த்தேன்.

புற்றுதான்! சந்தேகமே இல்லை. சக டாக்டர் தப்பாகப் படிக்கவில்லை. ஒழுங்கு கெட்டு, முண்டியடித்துக்கொண்டு நிற்கிற செல்கள். யாரும் இதை வேறு பெயரில் அழைக்க முடியாது.

அப்படியானால்... அப்படியானால் உண்மையிலேயே இருந்தது, போய்விட்டது. என் தொழிலின் கண்ணாலேயே பார்த்தேன். இத்தனை வருடம் பாதி மனதோடு பாடியவள், பாதி மனதோடு கண் மூடியவள்... கன்னமெல்லாம் ஈரம். புற்றுநோயைப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுத டாக்டர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "நீயே சொல்லிட்டியா? அப்போ சரி" என்று சிரித்தார். சாப்பாட்டுக்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபித்தோம். நீண்ட நாளைக்குப் பிறகு முழு மனதோடு ஆமென் சொன்னேன்.

மார்ச் 12, புதன்

ஏன் மறுபடி பார்த்தேன்? படம் எடுக்கத்தான். திரையில் போட நல்ல பகுதியாக ஒன்று வேண்டும் என்று ஸ்லைடை மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். ஓரத்தில், புற்று தொடாத இடத்தில், சாதாரணச் சுரப்பிகள். நேற்று அவற்றைக் கவனிக்கவே இல்லை. புற்றைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது, மற்றதை யார் பார்க்கிறார்கள்?

அந்தச் சுரப்பிகள் உப்பி இருந்தன. உள்ளே குமிழ் குமிழாக, பாலோடு.

பால் கொடுக்கிற தாயின் மார்பு அது.

அண்ணிக்கு ஐம்பத்தாறு வயது. பிள்ளை இல்லை.

லென்ஸைத் துடைத்தேன். பார்த்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். பால்.

இது அண்ணி இல்லை. அண்ணிக்குப் புற்று வந்ததே இல்லை. அதோடு முடியவில்லையே, இன்னொருத்தி இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. ஒன்றுமில்லை என்று நம்மிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இந்த நிமிஷம் எங்கேயோ பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு—

ஐயோ ஆண்டவரே.

மார்ச் 13, வியாழன்

நேற்றே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தலைவர் வெளியூர் போயிருக்கிறார், நாளைதான் வருவார். போனில் சொல்கிற விஷயமா இது என்று நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். சாக்குத்தான்.

காலையில் இவரிடம் சொன்னேன். சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"அக்கா இப்பதான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கா. இருபத்தி மூணாம் தேதிக்குப் புதுப் புடவை எடுத்து வெச்சிருக்கா. அந்த ஆராதனை முடியட்டுமே. பத்து நாள்தானே?"

"அந்தப் பொண்ணுக்கும் பத்து நாள்தாங்க."

மேல் பித்தானைத் தப்பான துளையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை. என்னவோ நான் அவர் அக்காவை இரண்டாவது தடவை நோயாளி ஆக்கிவிட்ட மாதிரி ஒரு பார்வை. அவ்வளவுதான்.

மார்ச் 14, வெள்ளி

தலைவரைப் பிடித்து இரட்டை மைக்ரோஸ்கோப்பில் உட்காரவைத்தேன். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்தினேன். அவர் மூச்சு நின்று வந்தது கேட்டது.

"யாரோட ஸ்லைடு இது?"

"என் அண்ணி பேர்ல இருக்கிறது."

அதே நாள் வந்த பயாப்சிகளைத் தேடினோம். பஸ் நிலைய டிக்கெட் கவுண்டரில் வேலை செய்கிற பெண் ஒருத்தி. எட்டு மாதக் குழந்தை. பால் கட்டிக்கொண்டது என்று நினைத்து வந்திருக்கிறாள். 'அடிபட்டுக் கொழுப்பு கெட்டிப்பட்டிருக்கிறது, புற்று இல்லை' என்று எங்கள் லேப் எழுதி அனுப்பியிருக்கிறது. அவள் பெயரில் இருந்த ஸ்லைடைப் பார்த்தோம். பால் கொடுக்கிற அடையாளம் ஒரு துளி இல்லை. வயதான மார்பு.

ஸ்லைடுக்காகச் சீவும் முன் திசுவை மெழுகில் பதிக்கும் இடத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "இது வெளிய தெரிஞ்சா லேபை இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார். மறைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். ஆனால் சொல்லிக்கொண்டே போனை எடுத்து அந்தப் பெண்ணின் சர்ஜனைக் கூப்பிட்டார். "உடனே வரச் சொல்லுங்க. மறுபடி பயாப்சி எடுக்கணும். தப்பு எங்களோடது."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தப்பு நடந்திருக்கும்னு அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க சார். ஆனா பாக்கலையே."

அவர் முகம் சுருங்கியது. அவரைக் குத்த வேண்டும் என்று சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவருக்கு நம்பாதது போதுமாக இருந்தது. எங்களுக்கு நம்பியது போதுமாக இருந்தது. அலமாரியைத் திறந்து அந்தச் சின்னக் கண்ணாடித் துண்டை எடுத்துப் பார்க்க இரண்டு பக்கமும் ஆள் இல்லை. நான் எடுத்ததும் மேடைக்காக.

மார்ச் 15, சனி

அண்ணியிடம் சொல்லியாயிற்று. புற்று இருக்கிற திசு அவருடையது இல்லை என்று மரபணுச் சோதனையில் உறுதி செய்ய, கன்னத்து உள்பக்கம் பஞ்சால் தடவி எடுக்க வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். இவரும் கூட வந்தார், வாசலிலேயே நின்றுகொண்டார்.

அண்ணி முதலில் சிரித்தார். "அப்போ எனக்குப் புத்தே இல்லையா? நல்லதுதானடி?" என்றார். அப்புறம் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அன்னிக்கு ஜெபத்துல நெஞ்சுக்குள்ள சூடா ஒண்ணு இறங்குச்சு. அது என்ன அப்போ?"

"தெரியல அண்ணி."

"எல்லாம் தெரிஞ்சவ மாதிரி வந்து உக்காந்திருக்க. இது மட்டும் தெரியலையா?"

"உண்மையாவே தெரியல."

"எங்கயாவது அடிபட்டுச்சான்னு டாக்டர் கேட்டாரு. இல்லைன்னுட்டேன்." கை தானாக மார்புக்குப் போனது. "பட்டுச்சு. பிள்ளைங்க அடிச்ச பந்து. ஒரு மாசம் வலிச்சுது. மறந்தே போச்சு." குரல் உடைந்தது. "ஒரு பந்தா? இவ்வளவும் ஒரு பந்துக்கா? ஆண்டவர் என்னையும் ஒரு தடவை திரும்பிப் பாத்தாருன்னு நினைச்சேன்டி."

கல்யாணம் ஆகாமல், தம்பியை வளர்த்து, அடுத்தவர் பிள்ளைகளுக்கு விசில் ஊதியே வாழ்ந்தவர். முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று வந்தது என்று நினைத்தார். அதை நான் பிடுங்கிக்கொண்டேன்.

வாயைத் திறந்தார். பஞ்சால் தடவி எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டே, "போ" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

ரிசல்ட் வரவில்லை. தூக்கமில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. புற்று அந்தப் பெண்ணுடையதாக இருக்கக் கூடாது என்று கேட்கலாமா? கேட்டால் மெழுகில் இருக்கிற திசு மாறுமா?

மார்ச் 20, வியாழன்

வந்துவிட்டது. திசு அண்ணியுடையது இல்லை. அந்தப் பெண்ணின் புது பயாப்சியில் புற்று.

சர்ஜன் அறையில் அவளிடம் சொன்னார்கள். தலைவர் நானும் இருக்க வேண்டும் என்றார். சின்னப் பெண். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தை மடியில் தூங்கியது. தலைவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "எங்க லேப்ல தப்பு நடந்துபோச்சும்மா. உங்களுக்கு வேற ஒருத்தரோட ரிசல்ட்டைக் குடுத்துட்டோம்." மன்னிப்புக் கேட்டார்.

அவள் திட்டுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். முதலில் அவள் கேட்டது இதுதான்:

"நான் குடுத்த பாலு... பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா?"

ஆகாது என்றேன். நான்தான் சொன்னேன், சர்ஜனை முந்திக்கொண்டு. அப்புறம்தான் அவள் அழுதாள்.

அழுகை நின்றதும் இன்னொன்று கேட்டாள். "அப்போ அந்த இன்னொருத்தங்க? இத்தனை நாளு புத்துன்னு நினைச்சுட்டு இருந்தாங்களா? பாவம்."

மார்ச் 21, வெள்ளி

போதகர் வீட்டுக்கு வந்தார். இவர்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர், தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"சாட்சி வேண்டாம், ரத்து பண்ணிடலாம். உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம். அப்படியே மெதுவா மறந்துடுவாங்க."

"பாஸ்டர், ஆதாரத்தைப் பாத்துப் பயப்படத் தேவையில்லைன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"சொன்னேன். ஆதாரம் நம்ம பக்கம் இருக்கும்னு நினைச்சு சொன்னேன்." டம்ளரை மெல்லச் சுற்றினார். "இதனால விசுவாசத்துக்கு வந்த ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவர் பொய்க்காரர் இல்லை. அதனால்தான் எனக்கு அவரைப் பார்க்க அவ்வளவு வேதனையாக இருந்தது.

அப்போதுதான் அண்ணி வந்தார். சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் எங்கள் வீட்டுக்கு. பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்திருக்க வேண்டும்; உட்காரவே இல்லை.

"சாட்சி நான் சொல்லுவேன் பாஸ்டர். மேடைல ஏறிப் பொய்யை நான்தானே சொன்னேன்? தெரியாம சொன்னேன், ஆனா சொன்னேன். இறக்குறதும் நான்தான் இறக்கணும்."

"ஜனங்க விசுவாசத்துல இடறிப் போயிடுவாங்கம்மா."

"பொய்யில நடந்தா மட்டும் இடறாதா?"

போதகர் டம்ளரைக் கீழே வைத்தார். "சரி" என்றார். எழுந்து போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து சரி செய்துகொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

புதுப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தார் அண்ணி. மைக்கைக் கையில் வாங்கவில்லை, தேவையும் இல்லை.

"எனக்குப் புத்து வரவே இல்லை. லேப்ல மாறிப்போச்சு. என் கட்டி பந்து பட்டு வந்தது, தானாவே கரைஞ்சுது. சுகமானேன்னு உங்க முன்னால சொன்னேன். அது நிஜம் இல்ல. நிஜமா அந்த வியாதி இருக்கிறது ஒரு சின்னப் பொண்ணுக்கு. கைக்குழந்தை வெச்சிருக்கா. எனக்காக உபவாசம் இருந்தீங்களே, அவளுக்காகவும் இருங்க."

இறங்கிவிட்டார். கைதட்டல் இல்லை. நாற்காலிகள் உராயும் சத்தம். பின்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. போதகர் முன்னால் வந்து, "உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் அன்றைய பிரசங்கம்.

வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். "நல்லா இருந்த சந்தோஷத்தை ஏம்மா கெடுத்த? ஆண்டவர் கையையே தட்டி விட்டுட்டியே." நான் விலக்கிக்கொள்ளவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 30, ஞாயிறு

ஒரே வாரம். கதை அதற்குள் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. 'அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் ஆண்டவர் இப்படியெல்லாம் நடத்தினார்' என்கிறார்கள். ஜெபக் கூட்டத்தில் ஒருவர் அதைச் சொல்ல, எல்லோரும் ஆமென், ஆமென்.

எனக்கும் அந்த ஆமெனைச் சொல்ல ஆசைதான். ரொம்ப ஆசை. ஆனால் கண்டுபிடித்தது அவர் செயல் என்றால், இடம் மாற்றியது யார் செயல்? நல்லதை மட்டும் அவர் பெயரில் போட்டு, கெட்டதை டெக்னீஷியன் தலையில் கட்டுவதா? ஜனவரியிலேயே சரியாக எழுதியிருந்தால் அவளுக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்குமே. அந்த இரண்டு மாதத்தைப் பற்றி யாரும் ஆமென் சொல்லவில்லை.

தலைவரிடம் இதைப் பேசினால், "அதான் யாரும் இல்லைன்னு சொல்றேன்" என்பார். அதுவும் சுலபமாக இருக்கிறது. ஏன் எல்லோருக்கும் எல்லாம் சுலபமாக இருக்கிறது? எனக்கு மட்டும்—

ஏப்ரல் 16, புதன்

இரண்டு ஞாயிறாக ஆலயத்துக்குப் போகவில்லை. இவர் கேட்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆலயத்திலிருந்து வந்ததும் அன்றைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சட்டையைக் கழற்றி மாட்டுகிறார்; எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

லேபில் இனி ஒவ்வொரு திசுவையும் இரண்டு பேர் சேர்ந்து பெயர் பார்த்துத்தான் மெழுகில் பதிக்க வேண்டும். நடந்ததைத் தலைவரே எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். லேபை மூடவில்லை. விசாரணை நடக்கிறது.

மே 11, ஞாயிறு

அண்ணி இன்று என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். கீமோ வார்டு ஞாயிற்றுக்கிழமையும் நடக்கிறது. அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஏப்ரலில் அண்ணி கேட்டிருக்கிறார். அவளும் வரச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் குழந்தையை அண்ணிதான் பார்த்துக்கொள்கிறாராம். எனக்குச் சொல்லவே இல்லை.

பால் நிறுத்தியாகிவிட்டது. புட்டிக்குப் பழக மாட்டேன் என்று குழந்தை வீம்பு பிடிக்க, அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் இங்கும் அங்கும் நடந்தார். மைதானத்தில் நடக்கிற அதே நடை.

"உங்களுக்குக் கோபம் போயிடுச்சா அண்ணி?"

"உன் மேலயா? அது எப்பவோ போச்சு." புட்டியைச் சாய்த்துப் பிடித்தார். "ஆண்டவர் மேலதான் கொஞ்சம் இருக்கு. தெனம் அவர்கிட்டயே சொல்லிடறேன்."

"அப்போ நம்புறீங்களா இன்னும்?"

"இல்லாத ஆள்கிட்டயாடி கோவிச்சுக்குவாங்க?"

சிரித்துவிட்டேன். இது நிரூபணம் இல்லை. எந்த வகுப்பிலும் செல்லாது. இருந்தும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே உருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு கேள்வி மிச்சம். எனக்கும் கோபம் இருக்கிறதே, இத்தனை நாளாக நான் யாரிடம் கோபித்துக்கொண்டிருக்கிறேன்?

ஜூன் 1, ஞாயிறு

போனேன். கடைசி வரிசை. பாடவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

போதகர் மறுபடி வகுப்பு ஆரம்பிக்கிறாராம். "இந்தத் தடவை பதில் எனக்கே தெரியாத கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். வர்றீங்களா?" என்றார். பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அவளுக்கு அறுவை முடிந்து, திசு எங்கள் லேபுக்கே வந்தது. அவள்தான் அப்படிக் கேட்டாளாம். "அந்த டாக்டர் அம்மாவே பாக்கட்டும்." தலைவர் ஸ்லைடுத் தட்டை என் மேஜையில் வைத்துவிட்டு, எதிர்ப்பக்க லென்ஸில் உட்கார்ந்தார்.

ஸ்லைடை வைக்கும் முன் கண்ணை மூடினேன். கண்ணாடியில் இருப்பது என் ஜெபத்தால் மாறப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். மாற்றும் என்று கேட்கவும் இல்லை. இருப்பதை இருக்கிறபடியே பார்க்கக் கண் கொடும் என்றேன். ஓரத்தையும் பார்க்கக் கண் கொடும். இவ்வளவுதான். திறந்தபோது தலைவர் காத்துக்கொண்டிருந்தார். கேலி செய்யவில்லை.

மார்பில் புற்று அநேகமாக அழிந்துவிட்டது. அக்குளில் இருக்கிற நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் மட்டும் இன்னும் இருக்கிறது. சின்னதாக. ஆனால் இருக்கிறது.

"இருக்கு" என்றேன்.

"ஆமாம், இருக்கு" என்றார்.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி ரேடியேஷன் உண்டு, மருந்து உண்டு. சாயங்காலம் அண்ணிக்குப் போன் போட்டு, அவளைப் பார்க்க நானும் வருகிறேன் என்றேன்.